முன்னுக்கா, பின்னுக்கா: கல்முனைக் கரையோரத்தில் சார்புகளைப் பயின்ற காலம்

செய்நிரல் மொழிகளில் சார்பு எனப்படுவது, ஒரு பெயரின்கீழ் ஒருமுறை எழுதிவைக்கப்பட்டு, வேண்டிய இடங்களிலெல்லாம் அப்பெயரைச் சொல்லி அழைக்கப்படும் கட்டளைத் தொகுதியாகும். அச்சார்பு தன் வேலைக்குத் தேவையானவற்றைப் பெற்றுக்கொள்வதற்காக வைத்திருக்கும் பெயர்கள் பரமானங்கள் எனப்படும். அழைக்கும் இடத்தில் அவற்றுக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் எழுதப்படுபவை கோவைகளாகும். கோவை என்பது 5 என்ற வெறும் எண்ணாகவோ, ஒரு மாறியின் பெயராகவோ, 2 + 3 போன்ற ஒரு கணக்காகவோ, இன்னொரு சார்பின் அழைப்பாகவோ இருக்கலாம். கோவை பரமானத்தைச் சென்றடைவது குறித்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. உள்ளே செல்வது பெறுமானத்தின் பிரதியா, அல்லது மூல மாறியேதானா என்பது முதலாவது. அக்கோவை எந்த வேளையில், எத்தனை தடவை கணிக்கப்படுகிறது என்பது இரண்டாவது. பாடநூல்களும் வினாத்தாள்களும் பெரும்பாலும் முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் கல்முனைக் கரையோரத்தில் செய்நிரலாக்கம் பயின்ற மாணவர் ஒருவரின் நினைவுகளில் மேலோங்கி நிற்பதோ இரண்டாவது கேள்விதான். அது அவருக்குப் புலப்பட்டதும் கணினித் திரையில் அல்ல, கோடிட்ட கொப்பியில்.

மருதமுனையில் தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரையில் ஓர் ஊரின் முடிவும் அடுத்த ஊரின் தொடக்கமும் பிரித்தறிய முடியாதபடி தொடரும் இக்கரையோரம், 2004 திசம்பர் 26ஆம் திகதி இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கடுத்த ஆண்டுகளில் வீடுகளும் பாடசாலைக் கட்டடங்களும் மீண்டும் எழும்பிக்கொண்டிருந்தபோதே, கணினி படித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பெற்றோரிடையே வலுப்பெற்றிருந்தது. ஆயினும் கணினிகள் குறைவாகவும் கற்போர் அதிகமாகவும் இருந்தமையால், அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிப் பாங்கொலியோடு கலையும் தனியார் வகுப்புகளில் செய்நிரலாக்கம் பெரும்பாலும் கணினியின்றியே கற்பிக்கப்பட்டது. இந்நினைவுகளுக்குரிய மாணவர் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குச் சென்று படித்த வகுப்பிலும் கணினி ஒன்றுதான் இருந்தது. அது ஆசிரியரின் மேசையில் துணி போர்த்தப்பட்டு இருக்கும். பாடம் முடியும் வேளையில், தாளில் கண்ட விடையைச் சரிபார்ப்பதற்காக மட்டுமே அது திறக்கப்படும்.

தாளில் விடை காணும் முறை எளிமையானது, ஆனால் பொறுமையைக் கேட்பது. கொப்பியின் பக்கத்தில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் வரையப்படும். செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் படித்து, மாறும் பெறுமானத்தைப் பழையதன் கீழே எழுதி, பழையதை ஒரு கோட்டால் அடிக்க வேண்டும். சார்பு ஒன்று அழைக்கப்பட்டால் பக்கத்தின் வலப்புறத்தில் புதிதாக ஒரு பெட்டி வரைந்து, அதனுள் பரமானங்களுக்குரிய நிரல்களை இட்டு, சார்பு முடிந்ததும் பெட்டியை முழுவதுமாகக் குறுக்கே அடித்துவிட்டு வெளியே வர வேண்டும். இயந்திரம் செய்யும் அத்தனையையும் இவ்வாறு மாணவரே செய்தபடியால், ஒவ்வோர் அடியிலும் அடுத்து எதைச் செய்வது என்ற தீர்மானமும் அவருடைய கையிலேயே இருந்தது.

அவ்வகுப்பில் கற்பிக்கப்பட்ட மொழி பாஸ்கல். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லவுஸ் விர்த் 1970இல் கற்பித்தலையும் மனத்திற்கொண்டு வெளியிட்ட அம்மொழியில், பரமானங்கள் இரண்டு வகையாக அறிவிக்கப்படுகின்றன. எந்தக் குறிப்பும் இன்றி அறிவிக்கப்படும் பரமானம் பெறுமானத்தின் பிரதியைப் பெறுகிறது. 'வார்' என்ற சொல்லை முன்னிட்டு அறிவிக்கப்படும் பரமானமோ அழைத்தவரின் மாறியையே குறிக்கிறது. இதனை விளக்க ஆசிரியர் எடுத்துக்கொண்ட உவமை, அக்காலத்தில் அவ்வூரில் எவருக்கும் மேலதிக விளக்கம் தேவைப்படாத ஒன்றாகும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் போட்டோக் கொப்பியை அலுவலகத்தில் கொடுத்தால், அங்குள்ளவர் அதன்மேல் எதைக் கிறுக்கினாலும் வீட்டிலுள்ள மூலத்துக்கு ஒன்றும் ஆகாது; மூலத்தையே கொடுத்தால், அதில் விழும் ஒவ்வொரு கீறலும் கொடுத்தவருக்கே வந்து சேரும். கடல் கொண்டுபோன பத்திரங்களுக்குப் பதிலாகப் புதியவை பெறுவதற்குக் குடும்பங்கள் அலுவலகங்களுக்கு அலைந்துகொண்டிருந்த காலம் அது என்பதால், மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள வேறுபாடு மாணவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது.

உவமையைத் தொடர்ந்து வழமையான பயிற்சி வரும். இரண்டு மாறிகளின் பெறுமானங்களை ஒன்றுக்கொன்று இடம்மாற்றும் ஒரு நடைமுறை எழுதப்பட்டு, முதலில் 'வார்' இல்லாமலும், பின்னர் 'வார்' சேர்த்தும் தாளில் ஓட்டிப்பார்க்கப்படும். முதலாவதில் பெட்டிக்குள் எல்லாம் சரியாக இடம்மாறி, பெட்டியை அடித்துவிட்டு வெளியே வந்ததும் மாறிகள் பழையபடியே இருக்கும்; இரண்டாவதில் பெட்டிக்குள் நிரலே வரையப்படாமல், வெளியிலுள்ள நிரலுக்கு ஓர் அம்புக்குறி மட்டும் இடப்படுவதால், மாற்றம் வெளியிலேயே நிகழ்ந்துவிடும். வினாத்தாள்கள் கேட்டது இவ்வளவுதான் என்பதால், பல மாணவர்களுக்கு இவ்விடயம் இதனோடு முடிந்தது.

இரண்டாவது கேள்வி எழுந்தது வேறொரு சிறு பயிற்சியில். 'சதுரம்' என்ற சார்பு, 'ஓ' என்ற ஒரே பரமானத்தைப் பெற்று ஓ × ஓ என்ற பெறுமானத்தைத் திருப்பித் தருவதாகவும், அது சதுரம்(2 + 3) என்று அழைக்கப்படுவதாகவும் பலகையில் எழுதப்பட்டது. மாணவர்களில் ஒருவர் பெட்டியை வரைந்து, 'ஓ' என்ற நிரலின் கீழே 2 + 3 என்றே எழுதிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் 5 என்று எழுதியிருந்தார். கொப்பிகளை ஒப்பிட்டபோது எழுந்த வினா ஆசிரியரிடம் சென்றது: "சேர், இந்தக் கூட்டல உள்ளுக்குப் போறதுக்கு முன்னுக்குச் செய்யிறதா, பின்னுக்கா?" ஆசிரியரின் பதில் சுருக்கமாகவே இருந்தது: "முன்னுக்கு, மகன். பாஸ்கல் அப்படித்தான். எல்லா மொழியும் அப்படியெண்டு நினைச்சிராதீங்க." விடை இரு கொப்பிகளிலும் 25ஆகவே வந்தது. ஆனால் முதற் கொப்பியில் (2 + 3) × (2 + 3) என்று கூட்டல் இரண்டு தடவை செய்யப்பட்டிருந்தது. இரண்டாவதில் ஒரு தடவை மட்டுமே செய்யப்பட்டிருந்தது. மூலமும் பிரதியும் என்ற உவமையால் இவ்வேறுபாட்டை விளக்க முடியவில்லை. ஏனெனில் அந்த உவமை, கொடுக்கப்படுவது ஏற்கெனவே எழுதி முடிந்த ஒரு பத்திரம் என்று எடுத்துக்கொள்கிறது. இன்னும் கணிக்கப்படாத ஒன்றைக் கொடுப்பதற்கு அதில் இடமில்லை.

ஆசிரியர் குறிப்பாகச் சொன்ன அந்த வேறு மொழி எது என்பது, இந்நினைவுகளுக்குரிய மாணவர் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் சேர்ந்த பின்னரே தெரியவந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமான அது ஒலுவிலில் அமைந்திருந்தாலும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் வயல்கள் சூழ்ந்த சம்மாந்துறையில் இயங்குகிறது. செய்நிரல் மொழிகளின் வரலாறு பற்றிய நூலொன்றை அங்கு படித்தபோது, பாஸ்கலின் மூதாதையான அல்கோல் 60 என்ற மொழி அவருக்கு அறிமுகமாயிற்று. பீட்டர் நவுர் தொகுத்து 1960இல் வெளியான அம்மொழியின் அறிக்கை, பரமானங்களுக்கு இரண்டு வழிகளை வகுத்தது. 'பெறுமானம்' எனக் குறிக்கப்பட்ட பரமானத்துக்குரிய கோவை, சார்புக்குள் நுழையுமுன் ஒரு தடவை கணிக்கப்படும். அவ்வாறு குறிக்கப்படாத பரமானம் பெயரால் அழைக்கப்படுவதாகக் கொள்ளப்படும். அதாவது, சார்பின் உடலில் அப்பரமானம் வரும் ஒவ்வோர் இடத்திலும் அழைத்தவர் எழுதிய கோவையே பதிலிடப்பட்டதுபோல, பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகக் கணிக்கப்படும். வகுப்பில் 2 + 3 என்று எழுதிய மாணவர், தாம் அறியாமலேயே அல்கோல் 60இன் விதியைப் பின்பற்றியிருந்தார்.

இவ்விதியின் வலிமையைக் காட்டுவது, டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் யென்சனின் பெயரால் வழங்கும் ஓர் உத்தியாகும். 'தொகை' என்ற சார்பு நான்கு பரமானங்களைக் கொண்டது: எண்ணும் மாறி, தொடக்கம், முடிவு, ஒவ்வொரு தடவையும் கூட்டப்படும் உறுப்பு. சார்பின் உடல், எண்ணும் மாறியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒவ்வொன்றாக உயர்த்தி, ஒவ்வொரு தடவையும் உறுப்பைக் கூட்டிச்செல்கிறது, அவ்வளவே. இதனைத் தொகை(இ, 1, 3, இ × இ) என்று அழைத்து, பழைய பழக்கத்தின்படி கொப்பியில் ஓட்டிப்பார்த்தால் விளைவு வியப்பளிக்கிறது. எண்ணும் மாறியும் உறுப்பும் பெயரால் அழைக்கப்படுபவை என்பதால், சார்பு எண்ணும் மாறியை உயர்த்தும்போது உயர்வது வெளியிலுள்ள 'இ' ஆகும். உறுப்பு கணிக்கப்படும் ஒவ்வொரு வேளையிலும் இ × இ புதிய பெறுமானத்தைத் தருகிறது. ஆகவே 1, 4, 9 என்பன கூடி 14 கிடைக்கிறது. உறுப்பு நுழையுமுன் கணிக்கப்பட்டு, 'இ' அவ்வேளையில் 0ஆக இருந்திருந்தால், உள்ளே செல்வது 0 மட்டுமே. மூன்று தடவை 0ஐக் கூட்டினால் விடையும் 0தான். ஒரே சார்பு, ஒரே அழைப்பு. கணிக்கும் வேளை ஒன்று மட்டும் மாறியதால் விடை 14 என்றும் 0 என்றும் பிரிந்தது. உறுப்பின் இடத்தில் 1 ÷ இ என்று எழுதினால், சார்பின் உடலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் வேறொரு தொடரின் தொகை கிடைத்துவிடும்.

எனினும் அதே விதி, பாஸ்கல் வகுப்பில் எளிதாக முடிந்த இடம்மாற்றும் பயிற்சியைக் குழப்பிவிடுகிறது. 'இ' என்ற மாறியின் பெறுமானம் 1 என்றும், 'க' என்ற அணியின் முதலாம் உறுப்பு 3 என்றும் கொண்டு, 'இ' யையும் க[இ] யையும் இடம்மாற்றும்படி கேட்டால், எதிர்பார்க்கப்படுவது 'இ' 3 ஆகவும் க[1] 1 ஆகவும் மாறுவதே. பெயரால் அழைக்கும் விதியில், முதலில் 'இ' யின் பெறுமானமான 1 தற்காலிக மாறியில் வைக்கப்படுகிறது. அடுத்து 'இ' க்கு க[இ] யின் பெறுமானமான 3 இடப்படுகிறது. இறுதியாகத் தற்காலிக மாறியிலுள்ள 1ஐ க[இ] யில் இடும்போது, அக்கோவை மீண்டும் கணிக்கப்பட்டு, 'இ' இப்போது 3ஆக இருப்பதால், 1 என்பது க[3] இல் சென்று விழுகிறது. க[1] தீண்டப்படாமல் பழைய 3ஆகவே இருந்துவிடுகிறது. கோவையைக் கணிக்காமல் பொதியாகவே உள்ளே அனுப்புவதற்கு, தேவைப்படும்போது இயக்கத்தக்க சிறு துணைச் செய்நிரலாக அதைத் தொகுப்பான், அதாவது செய்நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள், மாற்ற வேண்டியிருந்தது. பீட்டர் இங்கர்மன் 1961இல் 'தங்க்' என்று பெயரிட்டு விவரித்த இவ்வுத்தி திறமையானதெனினும், இயக்கத்தில் நேரத்தைத் தின்றது. விர்த் பாஸ்கலை வடிவமைத்தபோது பெயரால் அழைத்தலைக் கைவிட்டு, பெறுமானம், 'வார்' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். ஆசிரியர் சொன்ன "முன்னுக்கு" என்ற ஒற்றைச் சொல், இவ்வாறு பத்தாண்டு அனுபவத்தின் பின் எடுக்கப்பட்ட ஒரு முடிவாகும்.

முன்னுக்கே கணிப்பது என்று வைத்துக்கொண்டாலும், கோவைகள் பலவாக இருந்தால் எது முதலில் என்பது மிஞ்சுகிறது. டெனிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் இந்த ஒழுங்கு வரையறுக்கப்படவில்லை; தொகுப்பானுக்கு வசதியான எந்த ஒழுங்கும் ஏற்புடையதே. இரண்டு கோவைகளும் வெவ்வேறு சார்புகளின் அழைப்புகளாக இருந்து, ஒன்று 'அ' என்றும் மற்றது 'ஆ' என்றும் திரையில் எழுதுமாயின், ஓர் இயந்திரத்தில் அஆ என்றும் மற்றோர் இயந்திரத்தில் ஆஅ என்றும் வருவதற்கு மொழியின் விதி இடங்கொடுக்கிறது. மாணவர் விடுதியில் இருவருடைய மடிக்கணினிகளில் ஒரே செய்நிரல் வேறுவேறாக எழுதியபோது, எவருடைய கணினியில் வழு என்ற வாதம் நெடுநேரம் நடந்தது. இரண்டிலும் வழு இல்லை, எழுதிய செய்நிரலே மொழி உறுதியளிக்காத ஒன்றின்மேல் கட்டப்பட்டது என்பதே அதன் முடிவு. ஜாவாவும் பைதனும் இடமிருந்து வலம் என்று விதித்து இவ்வாதத்துக்கு இடம் வைக்கவில்லை.

முன்னுக்குக் கணிக்கும் மொழிகளில் எழுதவே முடியாத சார்புகளும் உள்ளன. நிபந்தனை மெய்யானால் ஒன்றையும் பொய்யானால் மற்றொன்றையும் தரும் 'எனில்' என்ற சார்பை ஒருவர் தாமே எழுதி, அதனைக் கொண்டு காரணியத்தை (1 முதல் 'ந' வரையான எண்களின் பெருக்கத்தை) வரையறுக்க முயன்றால், ந × காரணியம்(ந − 1) என்ற கோவை நிபந்தனையைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே கணிக்கப்படும். 'ந' 0ஐ அடைந்தும் நிற்காமல் −1, −2 என்று இறங்கிச்சென்று, நினைவகம் தீர்ந்து செய்நிரல் விழுந்துவிடும். மொழிகளில் நிபந்தனைக் கூற்று சார்பாக அல்லாமல் தனிக்கட்டமைப்பாக வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. தேவைப்படும்வரை கணிக்காமல் வைத்திருந்து, ஒருமுறை கணித்த பின் அவ்விடையையே மறுபடியும் பயன்படுத்தும் மூன்றாவது வழி 1970களில் கிறிஸ்தோபர் வாட்ஸ்வர்த் முதலியோரின் ஆய்வுகளில் உருப்பெற்று, 1990இல் வெளியான ஹாஸ்கெல் மொழியின் அடிப்படையாயிற்று. அதில் முதலாவது(7, 1 ÷ 0) என்ற அழைப்பு, இரண்டாவது பரமானம் எங்கும் பயன்படாதவரை வழுவின்றி 7ஐத் தரும். இவ்வழிக்கு ஹாஸ்கெல் கொடுத்த விலையும் உண்டு: மாறியின் பெறுமானத்தை இடையில் மாற்றும் உரிமையை அது சாதாரணச் சார்புகளுக்குத் தரவில்லை. மாறுவது எதுவும் இல்லாதபோதே, எப்போது கணித்தாலும் விடை ஒன்றே என்ற நிம்மதி கிடைக்கிறது.

இந்நிம்மதி இல்லாத மொழிகளில் வேளையின் வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு, அம்மாணவர் பின்னர் அன்றாடம் பயன்படுத்திய இரண்டு மொழிகள் சான்றாகும். புள்ளிவிவரவியலாளர் பெரிதும் கையாளும் ஆர் மொழியில், அழைப்பில் எழுதப்பட்ட கோவை ஒரு வாக்குறுதியாக மட்டுமே உள்ளே செல்கிறது. பரமானம் முதன்முறை பயன்படும்போதே அது கணிக்கப்படுகிறது. அழைப்பவர் ஒன்றும் கொடுக்காவிட்டால் கொள்ளப்படும் இயல்புப் பெறுமானமும் அவ்வாறே, சார்பின் உள்ளே, அந்த வேளையில் கணிக்கப்படுகிறது. பைதனிலோ இயல்புப் பெறுமானம், சார்பு வரையறுக்கப்படும் வேளையில் ஒரே தடவை கணிக்கப்பட்டு வைக்கப்படுகிறது. வெறும் பட்டியலை இயல்பாகக் கொண்டு, அதில் ஓர் ஊர்ப்பெயரைச் சேர்த்துத் திருப்பித்தரும் சார்பை 'நிந்தவூர்' என்று அழைத்தால் நிந்தவூர் மட்டும் உள்ள பட்டியல் வரும். அடுத்து 'மருதமுனை' என்று அழைத்தால், மருதமுனை மட்டுமன்றி முன்னைய நிந்தவூரும் சேர்ந்தே வரும். இரண்டு அழைப்புகளும் ஒரே பட்டியலையே தொட்டுள்ளன. பைதனைத் தொடங்குவோர் பலரைத் திகைக்கவைக்கும் இந்நிகழ்வு, எப்போது கணிக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு வரியில் விளங்கிவிடும்.

க.பொ.த. உயர்தரத்தின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பைதன் இடம்பெற்ற பின்னர், அம்முன்னாள் மாணவரே மாலை வகுப்பின் ஆசிரியராகியிருந்தார். பத்திர உவமை பைதனுக்கு முழுவதும் பொருந்தவில்லை என்பதை அவர் விரைவில் கண்டார். பைதன் பிரதியெடுப்பதும் இல்லை, அழைத்தவரின் மாறியை ஒப்படைப்பதும் இல்லை. பார்பரா லிஸ்கோவ் 1970களில் சி.எல்.யூ. மொழிக்காக விவரித்த பகிர்வால் அழைத்தல் என்ற முறையில், ஒரே பொருளுக்கு இன்னொரு பெயரை இடுகிறது. பொருளை உள்ளே மாற்றினால் வெளியிலும் தெரியும். பெயரை வேறு பொருளுக்கு மாற்றினால் வெளியே எதுவும் தெரியாது. முத்து அண்ணாமலை உருவாக்கி 2009இல் கட்டுரையாக அறிமுகப்படுத்திய எழில் என்ற தமிழ்ச் செய்நிரல் மொழியையும் அவர் வகுப்பில் பலகையில் எழுதிக்காட்டியதுண்டு. 'நிரல்பாகம்' என்று தொடங்கி, 'பின்கொடு' என்று விடையைத் தந்து, 'முடி' என்று நிற்கும் அச்சார்புகளை மாணவர்கள் வாசித்தவுடனேயே புரிந்துகொண்டனர். ஆனால் அழைப்பிலுள்ள கோவை சார்புக்குள் நுழையுமுன்னரே கணிக்கப்படுகிறது என்பது, அம்மொழியிலும் எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. தாய்மொழியில் எழுதப்பட்டாலும் வேளை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் கேட்டே அறிய வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களில், ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருந்த அவருடைய மாணவர்களும் கொப்பிக்குத் திரும்ப நேர்ந்தது. நிரல்கள் வரையப்பட்டன, பெட்டிகள் இடப்பட்டன, திரையில் ஓடவிட்டு விடையை மட்டும் பார்த்துப் பழகியவர்கள், பெட்டிக்குள் என்ன எழுதுவது என்று தயங்கினர். அத்தயக்கத்தை ஒரு குறையாக அவர் கருதவில்லை. இயந்திரம் விடையைத் தரும்போது, அவ்விடைக்கு இட்டுச்சென்ற ஒழுங்கையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. கையால் கணிப்பவரோ ஒரு கோவையை இப்போது கணிப்பதா, எழுதியபடியே உள்ளே அனுப்புவதா என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானித்தே ஆக வேண்டும். மொழியை வடிவமைத்தோர் எடுத்த அதே தீர்மானத்தை எடுக்கும் இடத்தில், கையால் கணிப்பவர் நிற்கிறார்.

வசதியின்மையைப் போற்றுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு கணினி இருந்திருந்தால் அன்றைய வகுப்பினர் இன்னும் பல விடயங்களைக் கற்றிருப்பர். இன்றைய வகுப்பில் கணினிகள் இருக்கின்றன. ஆயினும் புதிதாக ஒரு மொழி தொடங்கும்போது, அவற்றைத் திறக்குமுன் அவர் மூன்று வினாக்களைப் பலகையில் எழுதி, மாணவர்களைத் தாளில் ஊகித்து விடை எழுதச் சொல்கிறார்: உள்ளே போவது என்ன, அது எப்போது கணிக்கப்படுகிறது, எத்தனை தடவை. முதல் வினாவுக்குப் பாடநூலில் விடை உண்டு. மற்ற இரண்டுக்கும் அம்மொழியில் சிறு செய்நிரல்களை எழுதி, கோவைக்குள் ஒரு பதிப்பிக்கும் கட்டளையை வைத்து, அது எப்போது பேசுகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.